பழைய மோட்டார் வண்டிகளின் முன்விளக்குகள்: திருத்தமும் நேரமைப்பும்

இரவு நேரத்தில் மோட்டார் வண்டியைச் செலுத்துபவருக்கு முன்விளக்கே கண் எனலாம். பகலில் சாலையின் வளைவும் மேடுபள்ளமும் எதிரே வருவோரும் கதிரவன் ஒளியில் தாமே புலப்படுகின்றனர். இரவிலோ விளக்கின் ஒளிக்கற்றை விழும் பரப்பு ஒன்றே ஓட்டுநர் காணக்கூடியது. அக்கற்றை மங்கியிருப்பின், சாலையோரம் நடந்து செல்பவர் மிக அருகில் வந்த பின்னரே கண்ணிற்படுவார். அதுவே அளவுக்கு மீறி மேல்நோக்கிப் பாயுமாயின், எதிரே வருபவர் கண் கூசிச் சில விநாடிகள் பார்வையற்றவர் போல் ஆகிவிடுவார். ஆகவே முன்விளக்குக்குக் கடமைகள் இரண்டு: தன் ஓட்டுநருக்கு வழி காட்டுதல் ஒன்று, பிறர் கண்ணைக் கெடாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறுமாறு பழைய வண்டிகளின் விளக்குகளைத் திருத்தி அமைக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அரசுக்குச் சொந்தமான வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில்லை என்னும் விதியும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் தகுதிச் சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்ட பழைய கார்களும் ஜீப்புகளும் உழவர்களிடத்தும் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் இன்றும் ஓடுகின்றன. இவற்றிற் பலவற்றில் ஏழு அங்குல விட்டமுள்ள வட்ட முன்விளக்குகளே உள்ளன. களப்பணியாளர்கள் கிராம மக்களுக்கு அறிவுரை கூறுவதற்கும், ஆசிரியர்கள் ஒளியியல், மின்னியல் பாடங்களை வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுவதற்கும் இவ்விளக்கு ஏற்ற பொருளாகும்.

விளக்கின் அமைப்பு

முன்விளக்கில் மூன்று உறுப்புகள் உண்டு. ஒளியைத் தரும் இழை, அவ்வொளியை முன்னோக்கித் திருப்பும் பரவளைவு ஆடி, அதனைச் சாலையில் வேண்டியவாறு பரப்பும் முகக்கண்ணாடி என்பன அவை. சீல்டு பீம் என வழங்கும் வகையில் இம்மூன்றும் ஒரே கண்ணாடிக் கூடாக மூடப்பட்டிருக்கும். 1940-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்க வண்டிகளில் இவ்வகை பொதுவாயிற்று. இதில் தூசியும் ஈரமும் ஆடியை அடைவதில்லை. ஆனால் இழை அறுந்தால் விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். மற்றொரு வகையில் பல்பு மட்டும் பின்புறமிருந்து கழற்றி மாற்றத்தக்கதாய் இருக்கும்.

பரவளைவு ஆடியின் குவியத்தில் ஒளிமூலம் இருப்பின், ஆடியிற் பட்டுத் திரும்பும் கதிர்கள் யாவும் இணையாகச் செல்லும். நெடுந்தூரம் பாயும் உயர்கற்றை இவ்வாறு உண்டாகிறது. ஓட்டுநர்கள் இதனைப் பிரைட் என்பர். தாழ்கற்றைக்குரிய இழை, அதாவது டிம் இழை, குவியத்திற்குச் சற்று முன்னே வைக்கப்படுகிறது. அப்போது ஆடியின் மேற்பாதியிற் படும் கதிர்கள் கீழ்நோக்கியும், கீழ்ப்பாதியிற் படும் கதிர்கள் மேல்நோக்கியும் செல்லும். மேல்நோக்கிச் செல்லும் கதிர்களே பிறர் கண்ணைக் கூசச் செய்பவை. ஆதலால் டிம் இழையின் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்றை அமைத்து, ஆடியின் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாதவாறு தடுத்துள்ளனர். அக்கிண்ணத்தின் விளிம்பே, சுவரில் டிம் ஒளி விழும்போது, மேலே இருளும் கீழே ஒளியுமாகப் பிரிக்கும் தெளிவான கோட்டை உண்டாக்குகிறது. இக்கோட்டை இக்கட்டுரையில் ஒளிவிளிம்பு என்போம்.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். கூச்சத்தைத் தடுக்கும் பொருட்டு முகக்கண்ணாடியின் மேற்பாதியில் கறுப்பு வண்ணம் பூசுதல் நம் நாட்டில் நெடுங்காலம் காணப்பட்டது. கிண்ணமுள்ள பல்பில் டிம் ஒளி முழுவதும் ஆடியின் மேற்பாதியிலிருந்தே வருகிறதென மேலே கண்டோம். அதன் பெரும்பகுதி கண்ணாடியின் மேற்பாதி வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே மேற்பாதியை மறைத்தால், சாலையில் விழ வேண்டிய பயனுள்ள ஒளியே தடைபடுகிறது. உயர்கற்றையை உண்டாக்கும் கீழ்ப்பாதியோ திறந்தே இருக்கிறது. வண்ணம் பூசுவது நேரமைப்புக்கு ஈடாகாது என்பதை வண்டி வைத்திருப்போருக்கு விளக்கிச் சொல்லுதல் நலம்.

ஒளி மங்குவதற்குக் காரணங்கள்

விளக்கு மங்கியவுடன் பெரிய பல்பு வாங்கிப் போடுவதே பலருடைய வழக்கம். பெரும்பாலும் குறை பல்பில் இருப்பதில்லை. அதற்குச் செல்லும் மின்னழுத்தத்தில் இருக்கிறது. இழைவிளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. மின்னழுத்தம் உரிய அளவில் 95 சதவீதமானால் ஒளி 84 சதவீதமாகும். 90 சதவீதமானால் ஒளி 70 சதவீதமாகும். 85 சதவீதமானால் ஒளி 58 சதவீதமாகக் குறையும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 11.2 வோல்ட்டே கிடைக்குமானால், அஃது ஏறத்தாழப் பாதி ஒளியையே தருகிறதென்பது இதனால் விளங்கும்.

பழைய வண்டிகளில் விளக்குக்குரிய மின்னோட்டம் முழுவதும் பாட்டரியிலிருந்து ஓட்டுநர் முன்னுள்ள சுவிட்சுக்கும், அங்கிருந்து டிம் சுவிட்சுக்கும், பின்னர் நீண்ட கம்பிகளின் வழியாக முன்பக்கத்திற்கும் செல்கிறது. இப்பாதையில் உள்ள ஒவ்வொரு தேய்ந்த தொடுமுனையும், துருவேறிய இணைப்பும், மெல்லிய கம்பியும் மின்தடையாகும். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்புக் கம்பி 4 மீட்டர் நீளத்திற்கு 0.07 ஓம் தடையுடையது. இரண்டு 60 வாட் இழைகளுக்குரிய 10 ஆம்பியர் அதன் வழியே சென்றால், கம்பியில் மட்டும் 0.7 வோல்ட் வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இவ்விழப்பு 0.28 வோல்ட் மட்டுமே. சுவிட்சுகளிலும் இணைப்புகளிலும் ஏற்படும் இழப்பு இதற்கு மேற்பட்டதாகும்.

குறையைக் கண்டறியும் முறை எளிது. எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டு, விளக்கை எரியச் செய்து, மல்டிமீட்டரால் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும். முதலில், பாட்டரியில் வண்டியின் உடலோடு சேராத முனைக்கும் விளக்கின் மின்முனைக்கும் இடையே உள்ள வோல்ட்டை அளக்க வேண்டும். இது 0.5 வோல்ட்டுக்கு மேற்பட்டால் கம்பியிலோ சுவிட்சிலோ குறை உண்டு. அடுத்து, பாட்டரியின் எர்த் முனைக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். இது 0.2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. எர்த் இணைப்பைக் கழற்றி, துருவையும் வண்ணத்தையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, மீண்டும் இறுக்கினால் பல விளக்குகள் புதுப்பொலிவு பெறும். பாட்டரி முனைகளில் வெண்ணிறமாய்ப் படிந்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்க வேண்டும். அந்நீர் பாட்டரியின் உள்ளே புகலாகாது.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஒளி குறைவாயின் ஆடியை நோக்க வேண்டும். ஈரம் புகுந்து ஆடியின் உலோகப் பூச்சு கறுத்தோ உரிந்தோ போயிருந்தால், அவ்விளக்கை மாற்றுவது தவிர வேறு வழி இல்லை. ஆடியைத் துணியால் துடைக்கலாகாது. அதன் பூச்சு மிக மெல்லியது, ஒரே துடைப்பில் கீறல் விழுந்துவிடும்.

ரிலே அமைத்தல்

மின்னழுத்த இழப்பை நீக்கும் சிறந்த வழி ரிலே அமைப்பதாகும். ரிலே என்பது சிறு மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். பழைய சுவிட்சின் வழியாகச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டம் மின்காந்தத்தை இயக்க, விளக்குக்குரிய பெரு மின்னோட்டம் பாட்டரியிலிருந்து குறுகிய, தடித்த கம்பியின் வழியே நேராகச் செல்கிறது. இதனால் விளக்கு ஒளி பெறுவதோடு, எளிதில் கிடைக்காத பழைய சுவிட்சும் கருகாது காக்கப்படுகிறது.

ரிலேயின் முனைகளில் 30, 87, 85, 86 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டரியிலிருந்து வரும் கம்பி 30-இல் சேரும். விளக்குக்குச் செல்லும் கம்பி 87-இல் தொடங்கும். முன்பு விளக்கோடு சேர்ந்திருந்த பழைய கம்பியை 86-இல் இணைத்து, 85-ஐ எர்த் செய்ய வேண்டும். டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்கள் தேவை. பாட்டரிக்கு மிக அருகில் 20 ஆம்பியர் பியூஸ் ஒன்றும், 87-க்குப் பின்னர் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியே 10 ஆம்பியர் பியூஸும் இருத்தல் வேண்டும். இரு விளக்குகளுக்கும் ஒரே பியூஸ் மட்டும் இருந்தால், அஃது உருகிய கணமே வண்டி காரிருளில் மூழ்கும். தனித்தனியே இருந்தால் ஒரு விளக்கேனும் எரிந்துகொண்டிருக்கும். வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தகட்டுத் துளையின் வழியே கம்பியைச் செலுத்துமிடத்தில் ரப்பர் புஷ் பொருத்தாவிடில், அதிர்ச்சியால் உறை தேய்ந்து தீப்பற்றும் அபாயம் உண்டு.

சில பழைய வண்டிகளில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இழைவிளக்குக்கும் சாதாரண ரிலேக்கும் இதனால் தீங்கில்லை. எல்.இ.டி. விளக்கும், டயோடு உள்ள ரிலேயும் திசை மாறினால் வேலை செய்யா, கெட்டும் போகலாம். ஆகவே எந்த முனை எர்த் என்பதை முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல்பைத் தெரிந்தெடுத்தல்

சாதாரணப் பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியின் உட்புறம் படிந்து அதனைக் கறுக்கச் செய்கிறது. ஹாலஜன் பல்பில் அயோடின் அல்லது புரோமின் போன்ற தனிமம் சிறிதளவு சேர்க்கப்பட்டுள்ளது. ஆவியான டங்ஸ்டன் இதனோடு கூடிச் சுழன்று மீண்டும் இழையையே அடைகிறது. ஆதலால் கண்ணாடி கறுப்பதில்லை. இழையையும் மிகுந்த வெப்பத்தில் எரியவிடலாம். ஒற்றை இழை ஹாலஜன் பல்பு 1962-இலும், டிம், பிரைட் ஆகிய இரண்டு இழைகளையும் உடைய எச்-4 பல்பு 1971-இலும் ஐரோப்பாவில் மோட்டார் வண்டிகளுக்கு வந்தன. 12 வோல்ட் எச்-4 பல்பின் அளவு 60/55 வாட், 13.2 வோல்ட்டில் அதன் உயர்கற்றை இழை 1,650 லூமெனும் தாழ்கற்றை இழை 1,000 லூமெனும் ஒளி தருமாறு வரையறுக்கப்பட்டுள்ளது.

பழைய 45/40 வாட் பல்புக்குரிய ஆடியில் வளையம் ஒன்றைச் சேர்த்து எச்-4 பல்பைப் பொருத்துதல் சரியன்று. இழை இருக்க வேண்டிய இடம் சிறிது மாறினாலும் ஒளிவிளிம்பு கலைந்துவிடும். எச்-4 பல்புக்கென்றே வடிக்கப்பட்ட ஏழு அங்குல விளக்கை முழுமையாக வாங்கிப் பொருத்த வேண்டும். வாங்குமுன், பல்பின் பின்பகுதி வண்டியின் விளக்குக் கிண்ணத்துள் இடிக்காமல் அமையுமா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மிகச் சூடேறிப் பல்பு விரைவில் கெடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆகவே நமக்குரிய விளக்கின் ஒளிவிளிம்பு வலப்புறம் சமமாகவும், இடப்புறம் சாலையோரத்தைக் காட்டும் வண்ணம் மேல்நோக்கிச் சாய்ந்தும் இருக்கும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கான விளக்கை இங்கே பொருத்தினால் அச்சாய்வு எதிரே வருபவர் கண்ணிலேயே பாயும். ஐரோப்பிய முறைப்படி முத்திரையிட்ட விளக்கில், அதனை எதிரே நின்று நோக்குபவரின் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அஃது இடப்புறப் போக்குவரத்துக்கு உரியது.

கடைகளில் 100/90 வாட் பல்புகள் கிடைப்பதுண்டு. இவற்றை வாங்குதல் வேண்டா. இரண்டு 100 வாட் இழைகளுக்கு 16.7 ஆம்பியர் தேவை. பழைய டைனமோ ஒன்றின் முழுத்திறன் 22 ஆம்பியர் அளவே. எஞ்சின் மெல்ல ஓடும்போது அதுவும் கிடைப்பதில்லை. பற்றவைப்பு, பின்விளக்கு, துடைப்பான் ஆகியவற்றுக்கு ஏழெட்டு ஆம்பியர் போனால் பாட்டரி நாள்தோறும் வடிந்துகொண்டே வரும். 60/55 வாட் பல்பாயின் 10 ஆம்பியருக்குள் அடங்கி, டைனமோவின் ஆற்றலுக்குள்ளேயே நிற்கும். மேலும், ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைவதால், ஒளியை இரட்டித்தாலும் காணும் தூரம் ஏறத்தாழ 1.4 மடங்கே கூடும். கூச்சமும் வெப்பமுமோ இரு மடங்காகும்.

எச்-4 பல்பின் இடத்தில் செருகப்படும் எல்.இ.டி. பல்புகளைப் பற்றியும் வினவுவார்கள். ஆடி வடிக்கப்பட்டது சிறு உருளை வடிவான இழைக்காக. எல்.இ.டி. சில்லுகளின் வடிவும் இடமும் வேறு. ஆதலால் அருகில் சாலை வெண்மையாகப் பளிச்சிட்டாலும், ஒளிவிளிம்பு சிதறி மேல்நோக்கிக் கசியும். தொலைவில் ஒளி குறைந்துவிடுவதும் உண்டு. எல்.இ.டி. வேண்டுமெனில், அதற்கென்றே ஆடியும் முகக்கண்ணாடியும் அமைத்து, அங்கீகாரம் பெற்ற முழு விளக்கையே கொள்ள வேண்டும். நீலப் பூச்சுள்ள ஹாலஜன் பல்பில், பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறதேயன்றிப் புதிதாய் ஒன்றும் தருவதில்லை.

நேரமைக்கும் முறை

புதிய விளக்கு பொருத்திய பின்பும், வில் பழுதுபார்த்த பின்பும், முன்புறம் மோதுண்ட பின்பும் விளக்கை நேரமைத்தல் இன்றியமையாதது. சமமான தளமும், அதன் எதிரே செங்குத்தான வெள்ளைச் சுவரும் போதும். பள்ளி முற்றமோ நெற்களமோ பயன்படும். தளம் சிறிது சரிந்திருந்தாலும், சுவர் வரை ஒரே சீரான சரிவாக இருப்பின் பெரும்பிழை நேராது. மேடும் பள்ளமுமாக இருத்தல் ஆகாது.

1. டயர்களில் உரிய காற்று நிரப்புக. ஓட்டுநர் இடத்தில் ஒருவரை அமர்த்துக. வண்டியில் வேறு சுமை வேண்டா.

2. வண்டியைச் சுவருக்கு மிக அருகே நேராக நிறுத்தி, இரு விளக்குகளின் நடுப்புள்ளிகளையும் சுவரில் குறித்துக்கொள்க. அப்புள்ளிகளின் வழியே கிடைக்கோடு ஒன்றும், ஒவ்வொரு புள்ளியிலும் நெடுக்குக்கோடு ஒன்றும் வரைக.

3. வண்டியை நேர்ப்பின்னாக நகர்த்தி, முகக்கண்ணாடி சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் இருக்குமாறு நிறுத்துக.

4. கிடைக்கோட்டிற்கு 12 சென்டிமீட்டர் கீழே இரண்டாம் கோடு வரைக. இது 1.2 சதவீதத் தாழ்வைக் குறிக்கும். 10 மீட்டர் இடமில்லையேல் 5 மீட்டரில் நிறுத்தி 6 சென்டிமீட்டர் கொள்க.

5. டிம் விளக்கை ஏற்றுக. ஒரு விளக்கின் முன்னே அட்டை ஒன்றைப் பிடித்து மறைத்து, மற்றொன்றை மட்டும் கவனிக்க. கண்ணாடி சூடேறுமாதலால் அட்டை அதனைத் தொடாதிருக்கட்டும்.

6. விளக்கின் வெளி வளையத்தைக் கழற்றினால் நேரமைப்புத் திருகாணிகள் தெரியும். பொதுவாக மேலேயுள்ள திருகாணி கற்றையை உயர்த்தவும் தாழ்த்தவும், பக்கத்திலுள்ளது இடம் வலமாகத் திருப்பவும் உதவும். விளக்கைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகாணிகளை இவையென மயங்கித் தளர்த்திவிடலாகாது.

7. ஒளிவிளிம்பின் சமமான வலப்பகுதி இரண்டாம் கோட்டின்மேல் பொருந்துமாறும், விளிம்பு மேல்நோக்கித் திரும்பும் முனை அவ்விளக்கின் நெடுக்குக்கோட்டில் அமையுமாறும் திருப்புக. கடைசித் திருப்பம் இறுக்கும் திசையில் முடிதல் நன்று; அப்போது வில்லின் அழுத்தம் விளக்கை அசையாமல் நிறுத்தும்.

8. வண்டியின் முன்புறத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, மீண்டும் பார்த்து உறுதி செய்க. பின்னர் மற்ற விளக்கையும் இவ்வாறே அமைக்க.

டிம் சரியாயின், ஒரே ஆடியிலுள்ள பிரைட்டும் தானே சரியாகும். அதனைத் தனியே திருத்த முயலக்கூடாது. தெளிவான ஒளிவிளிம்பு இல்லாத பழைய சீல்டு பீம் விளக்கில், டிம் ஒளியின் மிகச் செறிந்த திட்டு முழுவதும் இரண்டாம் கோட்டிற்குக் கீழே, நெடுக்குக்கோட்டிற்குச் சற்று இடப்புறமாக அமையுமாறு செய்தல் வேண்டும்.

தாழ்வும் தூரமும்

இத்தாழ்வின் பயனைக் கணக்கிட்டுக் காண்போம். விளக்கின் உயரம் 75 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 1.2 சதவீதத் தாழ்வில், ஒளிவிளிம்பு தரையைத் தொடும் தூரம் 0.75 ÷ 0.012 = 62.5 மீட்டர். தாழ்வு 2 சதவீதமானால் இத்தூரம் 37.5 மீட்டராகச் சுருங்கும். அரை சதவீதமானால் 150 மீட்டராக நீளும். சுவரில் சில சென்டிமீட்டர் வேறுபாடு சாலையில் எவ்வளவு பெரிதாகிறதென்பது இதனால் தெளிவாகும்.

இனி வேகத்தோடு ஒப்பிடுவோம். அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த 1.5 விநாடி ஆகும் எனவும், பழைய டிரம் பிரேக் விநாடிக்கு 4 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் எனவும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முதல் 1.5 விநாடியில் 25 மீட்டரும், பின்னர் நிற்பதற்கு 35 மீட்டரும், ஆக 60 மீட்டர் தேவை. இது 62.5 மீட்டருக்குள் அரிதின் அடங்குகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலோ 33 மீட்டரும் 62 மீட்டரும் சேர்ந்து 95 மீட்டர் ஆகிறது. அதாவது, டிம் ஒளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தாம் காணக்கூடிய எல்லைக்கு அப்பால் உள்ள இடத்திலேதான் வண்டியை நிறுத்த முடியும். கருநிற உடையணிந்து நடப்பவர் 62.5 மீட்டருக்கும் குறைந்த தூரத்திலேயே புலப்படுவார். விளக்கை எவ்வளவு திருத்தினாலும், டிம்மில் வேகத்தைக் குறைத்தலே உயிர்காக்கும் வழியென்பதைக் களப்பணியாளர்கள் வலியுறுத்த வேண்டும்.

சுமையால் வரும் கேடு

சரியாக நேரமைத்த விளக்கையும் பின்சுமை கெடுத்துவிடும். சக்கரங்களின் இடைவெளி 2.5 மீட்டர் உள்ள காரில், மூவரும் மூட்டையும் ஏறியதால் பின்புறம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், கற்றை 2 சதவீதம் உயரும். 1.2 சதவீதத் தாழ்வு மறைந்து, 0.8 சதவீத உயர்வாக மாறும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருப்பின், விளக்கிலிருந்து ஏறத்தாழ 44 மீட்டருக்கு அப்பால் அவர் கண் ஒளிக்கற்றையுள்ளே இருக்கும். தாம் டிம்மில் செல்வதாகவே இவ்வண்டியின் ஓட்டுநர் எண்ணியிருப்பார்.

தளர்ந்த கமான்பட்டையைச் சீர்செய்தல் இதற்கு முதல் மருந்து. சுமையோடு அடிக்கடி செல்லும் வண்டியாயின், அச்சுமையை ஏற்றிச் சுவரின் முன் நிறுத்தி, மேல் திருகாணியை எத்தனை சுற்றுத் திருப்பினால் விளிம்பு மீண்டும் இரண்டாம் கோட்டிற்கு வருகிறதெனக் கண்டு ஓர் அட்டையில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளலாம். பயணத்திற்கு முன் அத்தனை சுற்றுத் தாழ்த்தி, சுமை இறங்கிய பின் அத்தனை சுற்று உயர்த்திவிட வேண்டும். சுமையோடு அமைத்ததை அப்படியே விட்டுவிட்டால், வெறும் வண்டியில் தாழ்வு 3.2 சதவீதமாகி, ஒளி 23 மீட்டரோடு நின்றுவிடும்.

சட்டம் கூறுவது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, முன்விளக்கின் கற்றை கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னும், அரை மீட்டர் வலப்புறமும், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரமும் உள்ள கண்ணை அது கூசச் செய்யலாகாது. மேலே கண்டவாறு அமைத்த விளக்கின் விளிம்பு 8 மீட்டரில் 65 சென்டிமீட்டர் உயரத்திலேயே இருக்கும். ஆதலால் விதி எளிதில் நிறைவேறும். முற்கூறிய சுமையேறிய வண்டியின் விளிம்பும் 8 மீட்டரில் 81 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. எனினும் தொலைவில் அது கண்ணைத் தாக்குகிறது. விதியின் அளவு குறைந்தபட்சக் காப்பே என்பது இதனாற் பெறப்படும். மேலும், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு வரம்பு விதிக்கிறது. ஆகவே உரிய வாட் அளவுள்ள, அங்கீகாரம் பெற்ற பொருள்களையே கொள்ளுதல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனைகள்

முதற் சோதனை: முகப்பைத் திருகிக் குவியத்தை மாற்றத்தக்க டார்ச் விளக்கை இருட்டறையில் சுவரை நோக்கி வைத்துத் திருகுக. பல்பு குவியத்தில் இருக்கும்போது ஒளி சிறு வட்டமாகச் செறிவதையும், விலகும்போது விரிவதையும் மாணவர் காண்பர். விரிந்த நிலையில் முகப்பின் மேற்பாதியை அட்டையால் மறைத்து, சுவரில் எப்பகுதி இருள்கிறதெனக் கேட்கலாம்.

இரண்டாம் சோதனை: இரண்டு டார்ச் மின்கலங்களோடு சிறு பல்பை இணைத்து, நடுவே பென்சிலின் கரிக்குச்சியைச் சேர்க்க. தொடும் இடங்களை விலக்கிக் குச்சியின் நீளத்தைக் கூட்டும்போது பல்பு மங்குவதையும், வோல்ட் சிறிது குறைந்தாலும் ஒளி மிகுதியாகக் குறைவதையும் அளந்து காட்டலாம். துருவேறிய இணைப்பின் தீங்கு இதனால் விளங்கும்.

மூன்றாம் சோதனை: விளையாட்டுத் திடலில் 75 சென்டிமீட்டர் உயரக் குச்சி ஒன்றை நட்டு, அதன் உச்சியில் கட்டிய நூலை 10 மீட்டர் தொலைவில் 63 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, அதே நேர்க்கோட்டைக் கண்ணால் நீட்டிப் பார்த்துத் தரையைத் தொடும் இடத்தைக் குறிக்கச் செய்க. 62.5 மீட்டருக்கு அண்மையில் அவ்விடம் அமையும். அவ்விடத்தில் கருநிற உடையணிந்த மாணவர் ஒருவரை நிறுத்தினால், இரவில் ஓட்டுநரின் எல்லை எவ்வளவு குறுகியதென்பதைப் பிறர் நேரிற் காண்பர்.

பயிற்சி வினாக்கள்

1. விளக்கின் உயரம் 90 சென்டிமீட்டர் உள்ள ஜீப்பில் தாழ்வு 1.5 சதவீதமாயின், ஒளிவிளிம்பு தரையைத் தொடும் தூரம் என்ன? (விடை: 60 மீட்டர்.)

2. பாட்டரியிலிருந்து விளக்கு வரை உள்ள பாதையின் மொத்தத் தடை 0.15 ஓம். 10 ஆம்பியர் செல்லும்போது இழக்கப்படும் மின்னழுத்தம் எவ்வளவு? (விடை: 1.5 வோல்ட்.)

3. கிண்ணமுள்ள டிம் இழை ஆடியின் எப்பாதியைப் பயன்படுத்துகிறது? முகக்கண்ணாடியின் மேற்பாதியில் வண்ணம் பூசுவது ஏன் தவறு?

4. மேற்கூறிய பிரேக் அளவுகளின்படி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? (விடை: ஏறத்தாழ 45 மீட்டர்.)

5. உங்கள் ஊரில் மாலை நேரத்தில் எதிரே வரும் வண்டிகளில் ஒரு விளக்கு உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் உள்ளவை எத்தனை எனச் சாலையிலிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்தில் நின்று ஒரு மணி நேரம் எண்ணிக் குறிக்கவும். அவற்றின் உரிமையாளர்கள் உள்ளூராராயின், பள்ளிச் சுவரையும் அளவு நாடாவையும் அவர்களுக்கு உதவத் தருக.